வழிகாட்டி இருந்தது, படித்தவர் இல்லை: ஏவரில் ஹார்ட் மரணமும் மருத்துவப் பயிற்சியும்

2012 டிசம்பர் 7, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் நார்விச் நகரில் ஒரு பல்கலைக்கழக விடுதி. அறையைச் சுத்தம் செய்ய வந்த பணியாளர், உள்ளே 19 வயது மாணவி ஒருவர் மயங்கிக் கிடப்பதைப் பார்த்தார். ஆம்புலன்ஸ் வந்தது. எட்டு நாள் கழித்து, டிசம்பர் 15 அன்று, கேம்பிரிட்ஜ் மருத்துவமனையில் அந்த மாணவி இறந்துபோனார். பெயர் ஏவரில் ஹார்ட். நோய், அனரெக்ஸியா நெர்வோசா: எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் உணவை ஒதுக்கித் தன்னையே பட்டினி போட வைக்கும் மனநோய்.

இது கண்டுபிடிக்கப்படாத நோய் அல்ல. மூன்று ஆண்டுகளாக இருந்த நோய். பெயர் வைக்கப்பட்டு, கோப்பு திறக்கப்பட்டு, கேம்பிரிட்ஜில் உள்ள சிறப்புப் பிரிவில் ஏறக்குறைய பதினோரு மாதம் உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்று, அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் வெளியே வந்திருந்தார். கல்லூரியில் சேர்ந்த பிறகும் தனியாக விடப்படவில்லை, காகிதத்தில். பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையம் ஒருபக்கம், வட்டார உண்ணல் கோளாறு சேவை இன்னொரு பக்கம், இரண்டும் அவரைக் கண்காணிக்க வேண்டிய ஏற்பாடு. கடைசியில் ஆபத்தைப் பார்த்துச் சொன்னவர் துப்புரவுப் பணியாளர்.

பிரிட்டனின் நாடாளுமன்ற, சுகாதாரத்துறைக் குறைதீர்ப்பாளர் 2017 டிசம்பரில் இந்த மரணம் பற்றி அறிக்கை வெளியிட்டார். அபாய மணிகள் அடித்தன, யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பதுதான் அதன் தலைப்பின் சாரம். சரியான கவனிப்பு கிடைத்திருந்தால் ஏவரில் பிழைத்திருப்பார், அவரைக் கையாண்ட அரசு மருத்துவ அமைப்புகள் அனைத்தும் வாய்ப்பைத் தவறவிட்டன என்று அது சொன்னது. 2020 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி ஷான் ஹார்ஸ்டெட் இன்னும் கடுமையான சொல்லைப் பயன்படுத்தினார். தவிர்த்திருக்கக்கூடிய மரணம், அதில் அலட்சியத்துக்குப் பங்கு உண்டு.

இவற்றைப் படிக்கும்போது எனக்குத் திரும்பத் திரும்ப வந்து முட்டும் விஷயம் வேறு. மிகவும் மோசமான நிலையில் வரும் அனரெக்ஸியா நோயாளியை எப்படிக் கையாள்வது என்று பிரிட்டனின் மனநல மருத்துவர்கள் கல்லூரியும் பொது மருத்துவர்கள் கல்லூரியும் சேர்ந்து எழுதிய வழிகாட்டி 2010இலேயே வெளிவந்துவிட்டது. மார்சிபன் என்று பெயர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்தால் பாதாம் இனிப்பின் பெயர் வந்துவிட்டது. சாப்பிட முடியாமல் சாகிறவர்களுக்கான வழிகாட்டிக்கு இனிப்பின் பெயர், யாருக்கும் உறுத்தவில்லை போலும். ஏவரில் மயங்கிக் கிடந்தபோது அந்த வழிகாட்டிக்கு வயது இரண்டு. நாட்டில் அறிவு இல்லாமல் இல்லை. அவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களிடம் அது போய்ச் சேரவில்லை. ஆகவே இதை ஒரு பயிற்சிக் குறைபாட்டின் நிகழ்வாகவே படிக்கிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அனரெக்ஸியாவைத் தமிழில் 'பசியின்மை' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. கிரேக்க மூலச்சொல்லின் பொருள் அதுதான். 1873இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் அந்தப் பெயரை நிலைநிறுத்தினார். ஆனால் நோயாளிக்குப் பசி இருக்கிறது. கடும் பசி. நாள் முழுக்க உணவைப் பற்றிய நினைப்பே ஓடுகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மின்னசோட்டாவில் 36 ஆரோக்கியமான ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்த ஆய்வில், அவர்கள் சமையல் குறிப்புகளைச் சேகரிக்கவும், ஒரு தட்டு உணவை மணிக்கணக்கில் அளைந்து தின்னவும், எரிந்து விழவும், தனிமையில் ஒடுங்கவும் தொடங்கினார்கள். அவர்களுக்கு அனரெக்ஸியா இல்லை. பட்டினி மட்டுமே மூளையை அப்படி மாற்றுகிறது. 'பசி இல்லையாம், அதனால் சாப்பிடவில்லை' என்று எண்ணும் மருத்துவர் நோயாளியிடம் கேட்கும் முதல் கேள்வியே தப்பாகிவிடும்.

கைமாறிய இடம்

2012 ஆகஸ்டில் வெளியே வந்தார், செப்டம்பரில் பல்கலைக்கழகம். வீடு மாறியது, ஊர் மாறியது, மருத்துவர் மாறினார், சிகிச்சைக் குழு மாறியது. இந்த நோயில் மருத்துவமனையை விட்டு வெளியே வந்த முதல் சில மாதங்கள்தான் சறுக்கும் காலம். அதோடு, முதன்முறையாகத் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு வாழவேண்டிய நிலை. சாப்பிட்டாயா என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. இவ்வளவு பலவீனமான கட்டத்தில் ஒருங்கிணைப்பும் திட்டமிடலும் போதவில்லை என்பது குறைதீர்ப்பாளரின் முதல் கண்டுபிடிப்பு.

புதிய ஊரில் அவருடைய சிகிச்சையை ஒருங்கிணைக்க நியமிக்கப்பட்டவர் பயிற்சி நிலையில் இருந்த உளவியலாளர். அனரெக்ஸியா நோயாளியைக் கவனித்த அனுபவம் அவருக்கு இல்லை. அந்த இளம் உளவியலாளர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பதினோரு மாதம் உள்நோயாளியாக இருந்து இறங்கிய ஒருவரை, மேற்பார்வை இறுக்கமாக இல்லாத நிலையில், கற்றுக்கொள்ளும் ஒருவர் கையில் கொடுத்த அமைப்பைப் பற்றித்தான் கேள்வி. எங்கும் நடப்பதுதான் இது. அனுபவசாலிகள் உள்நோயாளிப் பிரிவில் இருப்பார்கள், வெளியே கண்காணிப்பு வேலை இளையவர் தலையில் விழும். ஆனால் நோயாளி சரிவது வெளியேதான், அதைப் பார்க்கப் பழகிய கண் அங்கேதான் வேண்டும்.

நவம்பர் இறுதியில் தந்தை மகளைப் பார்க்க வந்தார். பார்த்ததும் அதிர்ந்துபோனார். சேவையைத் தொடர்புகொண்டு சொன்னார். அவசரமாக எதுவும் நடக்கவில்லை. பயிற்சி வகுப்பில் இந்த ஒரு புள்ளியில் அரைமணி நேரம் நிற்கலாம். 18 வயது கடந்தவரின் விஷயத்தில் குடும்பத்திடம் பேசக் கூடாது, ரகசியம் காக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் மனதில் ஆழப் பதிந்திருக்கிறது. நோயாளியின் அனுமதி இல்லாமல் தகவலைச் சொல்லக் கூடாது, சரி. ஆனால் குடும்பம் சொல்வதைக் கேட்டுக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை. பெற்றோர் போன் செய்து 'பிள்ளை உருக்குலைந்து போயிருக்கிறாள்' என்றால் அது ரத்தப் பரிசோதனை முடிவைப் போல ஒரு தகவல். அதே நாளில் நோயாளியை நேரில் பார்ப்பதுதான் அதற்கான பதில்.

எடை பார்ப்பது என்னும் கலை

குடும்ப மருத்துவரிடம் வாராவாரம் போய்ப் பரிசோதித்துக்கொள்வது என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறோம். அந்த வரிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லித்தராததுதான் சிக்கல். மார்சிபன் காலத்திலிருந்து கூர்தீட்டப்பட்டு, 2022இல் புதுப்பிக்கப்பட்ட பிரிட்டன் வழிகாட்டி வரை வந்து நிற்கும் நடைமுறையை வைத்துச் சொல்கிறேன்.

எடை. கனமான உடைகளைக் கழற்றச் சொல்ல வேண்டும். பையில் நாணயமோ, உள்ளாடைக்குள் கனமான பொருளோ இருக்கலாம். சிறுநீர் கழித்துவிட்டு வரச்சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் ஒரு கிலோ ஏறிவிடும், அடுத்த வாரம் இரண்டு லிட்டர் குடித்தால் தொடர்ந்து 'முன்னேற்றம்'. இதைக் கண்டுபிடிக்கச் சிறுநீரின் அடர்த்தியும் ரத்த சோடியமும் போதும். இவை நோயாளியைப் பொய்யர் என்று குற்றம்சாட்டும் சோதனைகள் அல்ல, நோய் அப்படிச் செய்ய வைக்கும். அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டே சோதிக்கலாம், சோதிக்கவும் வேண்டும்.

எடையைவிட முக்கியம், எடை போகும் வேகம். பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண்) 13க்குக் கீழே என்பது பெரியவர்களில் சிவப்பு எல்லை, அதாவது உயிருக்கே ஆபத்து என்ற அடையாளம். ஆனால் ஊட்டம் குறைந்த ஒருவர் வாரத்துக்கு ஒரு கிலோ வீதம் இரண்டு வாரம் தொடர்ந்து இழந்தால் அதுவும் சிவப்புதான். ஒருமுறை எடை பார்க்காமல் விட்டால் வரைபடத்தில் ஒரு புள்ளி போகிறது. இரண்டு முறை விட்டால் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே தெரியாமல் போகிறது.

பிறகு நாடி. ஓய்வில் நிமிடத்துக்கு 40க்குக் கீழே இறங்கினால் அவசரம். இளம்பெண், நாடி 38, 'தினமும் ஓடுவேன் டாக்டர்' என்றால், விளையாட்டு வீரரின் இதயம் என்று புன்னகைத்து அனுப்பிவிடும் மருத்துவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. படுத்த நிலையிலும் எழுந்து நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். உடல் வெப்பம் 35.5 டிகிரிக்குக் கீழே என்றாலும் சிவப்பு. ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. கருவியே வேண்டாம். நோயாளியைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, கையை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல்ல வேண்டும். அடுத்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எதையும் பிடிக்காமல் எழச் சொல்ல வேண்டும். சிரமமே இல்லாமல் எழுந்தால் 3. தடுமாறி எழுந்தால் 2. கையை ஊன்றினால்தான் எழ முடிகிறது என்றால் 1. எழவே முடியவில்லை என்றால் 0. முழுச் சோதனைக்கும் ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் இதைச் செய்துபார்த்த மாணவர் மறக்கமாட்டார். சிரித்த முகத்தோடு, தெளிவாகப் பேசிக்கொண்டு, 'நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்லும் ஒருவர், குத்துக்காலிட்ட நிலையிலிருந்து எழ முயன்று, தொடை நடுங்க, நாற்காலியின் காலைத் தேடிக் கை நீட்டுவதைப் பார்ப்பது வேறு அனுபவம். பட்டினியில் தசை கரைந்துவிட்டது என்பதைப் பாடப்புத்தகத்தின் பத்து பக்கங்கள் இவ்வளவு சரியாகச் சொல்லாது.

ரத்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு எச்சரிக்கையை எந்தப் பயிற்சியிலும் உரக்கச் சொல்ல வேண்டும். எல்லாம் இயல்பாக வரலாம். உடல் தன் தசையையும் எலும்பையும் கரைத்து ரத்தத்தின் அளவுகளைக் கடைசிவரை காப்பாற்றிக்கொண்டிருக்கும். 'ரிப்போர்ட் எல்லாம் நார்மல்' என்ற சொல் மருத்துவருக்குத் தரும் நிம்மதி, இந்த நோயில் நம்பக் கூடாத நிம்மதி.

ஏவரிலின் வாராந்திரக் கண்காணிப்பு நடக்க வேண்டிய முறையில் நடக்கவில்லை என்பது பின்னால் வந்த விசாரணைகளில் தெளிவானது. 2021 மார்ச்சில் விசாரணை அதிகாரி சுகாதார அமைச்சர் உள்ளிட்டோருக்கு அனுப்பிய எச்சரிக்கையிலும் இது முக்கிய இடம் பிடித்தது. இந்த நோயாளிகளை உடல்ரீதியாகக் கண்காணிப்பது யாருடைய வேலை என்பதற்கு முறையான ஏற்பாடே இல்லை, குடும்ப மருத்துவர்கள் நல்லெண்ணத்தில் செய்தால் உண்டு என்ற நிலையையும், மருத்துவர்களின் பயிற்சிக் குறைவையும் அவர் சுட்டினார். ஏவரிலோடு மேலும் நான்கு பெண்களின் மரணங்களையும் அவர் விசாரித்திருந்தார். ஐந்துமே அந்த வட்டாரத்தில் 2012க்கும் 2018க்கும் இடையே நடந்தவை.

வார்டில் ஒரு வார இறுதி

வெள்ளிக்கிழமை அனுமதி. இதைக் கேட்டதுமே வார்டில் வேலை செய்தவர்களுக்கு அடுத்து என்ன என்று தெரியும். சனி, ஞாயிறு. மூத்தவர்கள் குறைவு, உணவியல் நிபுணர் இல்லை, மனநலப் பிரிவிலிருந்து வர ஆள் இல்லை. நார்விச் மருத்துவமனையில் ஏவரிலுக்குச் சிறப்பு மனநல ஆதரவும் ஊட்டச்சத்துக் கவனிப்பும் போதிய அளவு கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை, டிசம்பர் 11 அன்று, கேம்பிரிட்ஜுக்கு மாற்றினார்கள். அங்கேயும் தாமதங்கள். ரத்தச் சர்க்கரை இறங்கியது, உரிய சிகிச்சை உரிய நேரத்தில் போகவில்லை, மூளை பாதிக்கப்பட்டது. அதிலிருந்து அவர் மீளவில்லை.

வார்டு மருத்துவர்களுக்கு இந்த நோயில் ஒரு பயம் உண்டு, ரீஃபீடிங் சிண்ட்ரோம். நியாயமான பயம். நீண்ட பட்டினியில் உடல் கொழுப்பை எரித்து வாழப் பழகிவிடுகிறது, இன்சுலின் அடங்கிக் கிடக்கிறது. திடீரென மாவுச்சத்து உள்ளே போனால் இன்சுலின் பொங்கும். அது ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் செல்களுக்குள் இழுத்துக்கொண்டு போகும். ரத்தத்தில் அளவு சரியும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், சுவாசத் தசைகள் ஓயும். முதல் சில நாட்கள்தான் ஆபத்து அதிகம். அதனால் தினமும் ரத்தப் பரிசோதனை, தையமின் (வைட்டமின் பி1) முன்கூட்டியே, பாஸ்பேட் இறங்கினால் ஈடுகட்டுதல்.

இது வரை பல மருத்துவர்களுக்குத் தெரியும். தெரியாதது மறுபாதி. ரீஃபீடிங் பயத்தால் கொஞ்சமாக ஊட்டி, 'பொறுமையாகப் போவோம்' என்று நாட்களைக் கடத்தினால், ஏற்கெனவே விளிம்பில் நிற்பவர் பட்டினியாலேயே இறந்துபோவார். மார்சிபன் இதைத் தனியாகவே எச்சரித்தது. அரைகுறைப் பயிற்சி பெற்றவருக்கு முதல் பயம் மட்டும் மனதில் நிற்கும். முழுப் பயிற்சி என்பது இரண்டு பயங்களையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்துப் பார்க்கக் கற்றுத் தருவது.

சர்க்கரை விஷயம் இன்னும் நுணுக்கம். நம் கல்லீரலில் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு இருக்கிறது, இரவில் சாப்பிடாமல் தூங்கினாலும் சர்க்கரை இறங்காமல் அது தாங்கும். பட்டினியில் அந்தச் சேமிப்பு காலி. அதனால் இரவு நேரம்தான் ஆபத்து. சர்க்கரை இறங்கினால் வழக்கமாகக் கைகொடுக்கும் குளுக்ககான் ஊசி இங்கே உதவாது, ஏனென்றால் அது விடுவிக்க வேண்டிய சேமிப்பே இல்லை. குளுக்கோஸை நரம்பில் ஏற்றினால் சர்க்கரை ஏறும், இன்சுலின் பொங்கி மறுபடி இறக்கிவிடும். ஆகவே ஒருமுறை சரியானது என்று விட்டுவிடாமல் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். இரவுப் பணியில் இருக்கும் செவிலியருக்கும் இளநிலை மருத்துவருக்கும் இந்த மூன்று வாக்கியமும் தெரிந்திருக்க வேண்டும். சிறப்பு நிபுணருக்குத் தெரிந்து பயனில்லை, அவர் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.

மூக்கு வழியாக உணவு செலுத்தும் டியூபை நோயாளி வேண்டாம் என்றால்? 'அவருக்கு விருப்பம் இல்லை, என்ன செய்ய' என்று கையை விரிப்பது இளையவர்களிடம் அடிக்கடி பார்க்கும் தயக்கம். இங்கிலாந்தின் மனநலச் சட்டம் 1983இன் கீழ், அனரெக்ஸியாவில் உணவூட்டுவதும் நோய்க்கான சிகிச்சையாக ஏற்கப்பட்டிருக்கிறது. எப்போது அந்த வழிக்குப் போவது என்பது கடினமான முடிவு. ஆனால் அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாமல் முடிவெடுப்பது வேறு விஷயம்.

இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு

2018இல் பிரிட்டனின் மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை வெளியானது. இளநிலை மருத்துவப் படிப்பு முழுவதிலும் உண்ணல் கோளாறுகளுக்குக் கிடைத்த நேரம் சராசரியாக இரண்டு மணிக்கும் குறைவு. ஐந்தில் ஒரு கல்லூரியில் அதுவும் இல்லை. அதற்குப் பிந்தைய பயிற்சியிலும், குழந்தைகள், வளரிளம் பருவ மனநலத் துறையைத் தவிர்த்தால், பெரிதாக எதுவும் கூடவில்லை.

இதை நோயின் கனத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2011இல் வெளியான தொகுப்பு ஆய்வின்படி, அனரெக்ஸியா உள்ளவர்களின் இறப்பு விகிதம் அதே வயதுடைய மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் தற்கொலை. மனநோய்களில் இவ்வளவு உயிர் குடிப்பவை மிகக் குறைவு. ஆனாலும் பாடத்திட்டத்தில் இடம் இல்லை. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். மனநலத் துறைக்கு இது உடல் பிரச்சினை, உடல் மருத்துவத் துறைக்கு இது மனப் பிரச்சினை. இரண்டு பேராசிரியர்களும் அடுத்தவர் எடுப்பார் என்று விட்டுவிடுகிற பாடம்.

குறைதீர்ப்பாளரின் 2017 அறிக்கை இந்த இடத்தைத்தான் முதலில் தொட்டது. மருத்துவர்களின் கல்வியை மேற்பார்வையிடும் பொது மருத்துவக் கவுன்சில், இளநிலை மருத்துவர்கள் அனைவருக்கும் தரப்படும் உண்ணல் கோளாறுப் பயிற்சியை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது பரிந்துரை. இங்கிலாந்தின் சுகாதாரக் கல்வி அமைப்பு, இருக்கிற பணியாளர்களையே மேலும் பயிற்றுவித்து நிபுணர் பற்றாக்குறையை ஈடுகட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும் என்பது இன்னொன்று. வயது வந்தோருக்கான சேவையைக் குழந்தைகள் சேவையின் தரத்துக்கு உயர்த்த வேண்டும் என்றும் கேட்டது. அங்கே குழந்தைகள் பக்கம் நிலைமை தேவலை. அவசரம் என்றால் ஒரு வாரம், மற்றபடி நான்கு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற கெடு அவர்களுக்கு உண்டு. வயது வந்தோர் சேவைக்கு மாறிய மறுநாள் நோயாளி அந்தப் பாதுகாப்புக்கு வெளியே.

அதன் பிறகு பீட் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து சுகாதாரக் கல்வி அமைப்பு மருத்துவ மாணவர்களுக்கும் இளநிலை மருத்துவர்களுக்கும் இணையவழிப் பாடங்களைத் தயாரித்தது. நல்ல தொடக்கம். ஆனால் இணையப் பாடத்தின் எல்லை எனக்குத் தெரியும். சிவப்பு எல்லை எண்களைத் திரையில் கற்கலாம். மேலே சொன்ன குத்துக்கால் சோதனையைத் திரையில் கற்க முடியாது. எதிரே இருப்பவர் மறுக்கும்போது எப்படிப் பேசுவது என்பதை நிச்சயம் கற்க முடியாது.

பேச்சு

அந்தப் பேச்சைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான பயிற்சிகள் இங்கேதான் ஏமாற்றுகின்றன. ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் மருத்துவராகவும் நடித்துப் பார்த்தால் வழக்கமாக வரும் உரையாடல் இது:

'சாப்பாடெல்லாம் எப்படி?'

'நல்லாத்தான் சாப்பிடுறேன் டாக்டர்.'

'எடை குறைஞ்சிருக்கே?'

'பரீட்சை டென்ஷன்.'

'சரி, கொஞ்சம் பார்த்துச் சாப்பிடுங்க.'

முடிந்தது. 'எப்படி' என்று கேட்டால் 'நல்லா' என்றுதான் பதில் வரும். அதையே, 'நேற்று காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை என்னென்ன உள்ளே போச்சு, வரிசையாச் சொல்லுங்க' என்று கேட்டால் பதில் நீளும், இடையில் ஓட்டைகள் தெரியும். 'சாப்பிட்ட பிறகு மனசு எப்படி இருக்கும்? அதைச் சரிக்கட்ட ஏதாவது செய்யத் தோணுமா?' என்றால் வாந்தி, மலமிளக்கி, இரவில் ஓட்டம் என்று கதவு திறக்க வாய்ப்பு உண்டு. 1999இல் வெளியான ஸ்காஃப் என்ற ஐந்து கேள்விப் பட்டியலும் இதற்கு உதவும், இரண்டுக்கு ஆம் என்றால் மேலே விசாரிக்க வேண்டும். ஆனால் பட்டியலை மட்டும் நம்பி நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது, பி.எம்.ஐ. எண்ணை மட்டும் வைத்துச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2017 வழிகாட்டியில் சொல்லிவிட்டது. 'இன்னும் போதுமான அளவு மெலியவில்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டவர், போதுமான அளவு மெலிந்து திரும்பி வருவார். அந்தச் சொல் நோயின் காதில் சவாலாக விழும்.

பாராட்டும் ஆபத்து. 'இன்னிக்கு முகம் தெளிச்சியா இருக்கே' என்று அன்பாகச் சொன்னால், நோயாளிக்கு அது 'குண்டாகிவிட்டாய்' என்று கேட்கும். மருத்துவர்களின் எரிச்சலையும் பேச வேண்டும். ஊட்டச்சத்துப் பானத்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, குடித்தேன் என்று சொல்பவரிடம் மூன்றாம் நாள் கோபம் வராத செவிலியர் அரிது. 'ஒத்துழைக்காத நோயாளி' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டால் அடுத்த ஷிப்டும் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கும். கோபம் வருவதைக் குற்றமாக்காமல், அதை வாய்விட்டுச் சொல்ல ஒரு மேற்பார்வையாளர் இருப்பதும் பயிற்சியின் பகுதிதான்.

சிகிச்சையே இல்லாத நோய் என்ற எண்ணமும் மாற வேண்டும். வளரிளம் பருவத்தினருக்குக் குடும்பத்தை முன்னிறுத்தும் சிகிச்சையும், பெரியவர்களுக்கு இந்த நோய்க்கென்றே அமைந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்றவையும் நைஸ் பரிந்துரைப்பவை. பலர் மீள்கிறார்கள். மீள முடியும் என்று நம்பாத மருத்துவர் நோயாளியைச் சீக்கிரம் சிகிச்சைக்கு அனுப்பிவைக்க மாட்டார்.

இந்த நிகழ்வில் இல்லாதவர்கள்

ஏவரில், பாடப்புத்தகப் படத்தில் இருப்பதைப் போன்ற நோயாளி. இளம்பெண், கண்ணுக்குத் தெரியும் மெலிவு, முன்பே உறுதியான நோய். அவரையே இத்தனை பேர் தவறவிட்டார்கள் என்றால், படத்துக்குள் வராதவர்கள் கதி என்ன? நூறு கிலோவிலிருந்து சில மாதத்தில் அறுபதுக்கு வந்தவரின் பி.எம்.ஐ. இயல்பாக இருக்கலாம், நாடி 40க்குக் கீழே இருக்கலாம், சுற்றியிருப்பவர்கள் எடையைக் குறைத்ததற்கு வாழ்த்துவார்கள். முதல் வகைச் சர்க்கரை நோயுள்ளவர் எடையைக் குறைக்க இன்சுலினை வேண்டுமென்றே விட்டுவிடலாம், சர்க்கரை மருத்துவர் அதை மறதி என்று எண்ணுவார். அளவுக்கு மீறித் தின்றுவிட்டு வாந்தி எடுக்க வைக்கும் புலிமியா என்ற நோய் உள்ளவர் எடையில் எந்த வித்தியாசமும் இல்லாமல், பொட்டாசியம் மட்டும் தரைதட்டிய நிலையில் வரலாம். முதலில் பார்ப்பவர் பல் மருத்துவராகக்கூட இருக்கலாம், பல்லின் உட்புறம் அமிலத்தில் கரைந்திருப்பதை அவர்தான் காண்பார். மாதவிடாய் நின்றது என்று மகப்பேறு மருத்துவரிடம் போவார்கள், வயிறு உப்புகிறது என்று குடல் மருத்துவரிடம் போவார்கள். ஆண்கள் பலர் எங்கேயும் போவதில்லை. ஏவரிலின் நிகழ்வை மட்டும் வைத்துப் பயிற்றுவித்தால் இவர்கள் அனைவரும் மறுபடி வெளியே நிற்பார்கள்.

பிறகு

மகள் எப்படி இறந்தாள் என்று தெரிந்துகொள்ள அந்தக் குடும்பத்துக்குப் பல ஆண்டுகள் ஆயின. மருத்துவ அமைப்புகளின் விசாரணைகள் தற்காப்பாகவே இருந்தன. குறைதீர்ப்பாளர் அலுவலகமே மூன்றரை ஆண்டு எடுத்துக்கொண்டது, அதை அதுவே தன் தவறாக ஒப்புக்கொண்டது. 2019 ஜூனில் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு ஒன்று பரிந்துரைகள் என்ன ஆயின என்று ஆராய்ந்து, தவிர்க்கக்கூடிய மரணங்கள் அளவுக்கு மீறி நடக்கின்றன என்று தலைப்பிலேயே எழுதியது. 2022 மே மாதம் மார்சிபனுக்குப் பதிலாகப் புதிய வழிகாட்டி வந்தது. அனரெக்ஸியாவோடு நிற்காமல் எல்லா உண்ணல் கோளாறுகளையும் சேர்த்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சிக்னல் விளக்கு முறையில் ஆபத்தைப் பிரித்துக் காட்டியது. நெரிசலான அவசரப் பிரிவில் நின்றபடியே படிக்கும் விதத்தில் எழுதியிருக்கிறார்கள்.

2023 பிப்ரவரியில் குறைதீர்ப்பாளர் ராப் பெரன்ஸ் மறுபடி பேசினார். ஐந்து ஆண்டுகளில் போதிய மாற்றம் வரவில்லை என்றார். பிரிட்டனில் மருத்துவப் படிப்பு பெரும்பாலும் ஐந்து ஆண்டு. 2017 டிசம்பரில் அறிக்கை வெளியானபோது முதலாண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவர், அவர் பேசிய நாளில் இளநிலை மருத்துவராகி, ஏதோ ஒரு வார்டில் வார இறுதி இரவுப் பணி பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.